காத்து நம்பின வார்த்தை

அந்த பஸ் ஜன்னல் ஷட்டரை இறக்காதிய அண்ணாச்சி. கொஞ்ச நேரம் கிடக்கட்டும். ஆரல்வாய்மொழி தாண்டுத வரைக்கும் ஆடிக்காத்து இப்படித்தான் மூஞ்சில அறையும். கண்ணுல மண்ணு விழுந்தா துண்டை வச்சுக்கிடுங்க.

நான் வள்ளியூருக்குப் போறேன். கோயில் கொடைத் திருவிழா. மைக்குல பேசுதது நம்ம சோலி. கொடை, கல்யாணம், தேர்தல், எதுன்னாலும் சொரிமுத்துவைக் கூப்பிடுவாங்க. குரல் இனிமைன்னு இல்ல. நம்ம குரல்ல சொன்னா சனம் நம்பிரும். "சோறு தீந்து போச்சு, எல்லாரும் எந்திரிங்க"ன்னு நான் சொன்னா, அடுப்புல சோறு கொதிக்கதைப் பாத்துக்கிட்டே ஆளு எந்திரிச்சுப் போயிருவான். சிரிக்காதிய. நெசமா நடந்திருக்கு.

இந்தக் குரலை எனக்குக் கொண்டாந்து தந்தது எங்க அக்கா.

எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைய. அக்கா பேச்சியம்மா மூத்தவ, ரெண்டு வருசம் கழிச்சு நான். வீட்டுல வித்தியாசமெல்லாம் பாக்க மாட்டாங்க, அதை முதல்லயே சொல்லிருதேன். பிறகு எங்க அம்மையை நீங்க தப்பா நினைக்கப்பிடாது. முட்டை எனக்கு மட்டும் வைப்பா. பேச்சிக்கு முட்டை பிடிக்காது. பிடிக்காதுன்னு அம்மைதான் சொல்லுவா. பாய் ஒண்ணுதான் இருந்துச்சு, அதுல நான் படுப்பேன். அவ சாக்குல படுப்பா. நான் கீழ விழுந்தா அவளுக்கு அடி விழும். என்னைப் பாத்துக்கிட வேண்டியது அவதானே? அதுல ஒரு நியாயம் இருக்குல்லா?

அந்த வருசம் எனக்கு எட்டு வயசு, அவளுக்குப் பத்து. வெளிய நிக்குல்லா கரண்டு எடுக்குத இந்தக் காத்தாடி எல்லாம், அப்பக் கிடையாது. பனையும் பாறையும்தான். அப்பாவுக்கு வாழைத்தோட்டத்துல வேலை. மத்தியானம் தூக்குவாளியில சோறு கொண்டுபோறது பேச்சி சோலி. நான் சும்மா கூடப் போவேன். அவ பின்னால முழங்கால் உசரத்துக்கு ஒரு சுழல்காத்து வரும். ஆமா, சுழல்காத்துதான். சருகையும் தூசியையும் சுத்திக்கிட்டு, நாய்க்குட்டி மாதிரி வரும். அவ நின்னா அதுவும் நிக்கும். "போடா சுருளி"ன்னு சொன்னா கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வந்துரும். நான் கல்லை விட்டு எறிவேன். அது என்கிட்ட வராது.

ஒரு நாளு போற வழியில ஒரு பாறை மேல ஏறி நின்னேன். காத்துன்னா காத்து, ஆளைத் தள்ளுது. அதைவிடச் சத்தமாக் கத்தணும்னு எனக்கு ஒரு ஆசை.

"சொரி, இறங்குல. ஆடிக்காத்துக்கு வாயைத் திறந்து காட்டாத"ன்னா பேச்சி.

"நீ யாருட்டி எனக்குச் சொல்ல?"ன்னேன். வாயை நல்லாப் பொளந்து, "ஏட்டி பேச்சி, தண்ணி கொண்டாட்டி!"ன்னு கத்தினேன். அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். வேற என்னத்தைக் கத்த?

அவ பாறையில ஏறி என் காலைப் பிடிச்சு இழுத்தா. ரெண்டு பேரும் உருண்டு விழுந்தோம். முட்டி பேந்துட்டு. அழலாம்னு வாயைத் திறந்தா சத்தமே வரல. இன்னொரு தடவை திறந்தேன். வெறும் மூச்சுதான் வருது. என் சத்தம் மட்டும் தூரத்துல, கிழக்க, "தண்ணி கொண்டாட்டி... தண்ணி கொண்டாட்டி"ன்னு போய்க்கிட்டிருக்கு. சுருளி அது பின்னால ஓடிச்சு.

நாகர்கோவில்ல டாக்டரு பாத்தாரு. தொண்டையில ஒண்ணும் இல்லன்னுட்டாரு. வீட்டுக்கு வந்ததும் அம்மை என்னை மடியில போட்டுக்கிட்டுக் கேட்டா. "எய்யா, அக்காதான் உன்னைத் தள்ளினாளா? ஆமான்னா தலையை ஆட்டு."

ஆட்டினேன்.

சின்னப்பிள்ளை அண்ணாச்சி. பாறையில ஏறினேன்னு தெரிஞ்சா அப்பா தோலை உரிச்சிருவாரு. அதுவும் போக, அவ என் காலை இழுத்தது உண்மைதானே? விழுந்தது அதனாலதானே? முழுப் பொய்யின்னு அதைச் சொல்ல முடியாது.

அப்பா அவளை அடிச்சாரு. அம்மை, "எம் பிள்ளைக்கு என்னைக்குச் சத்தம் வருதோ அன்னைக்குத்தான் உனக்கு இந்த வீட்டுல சோறு"ன்னா. கோவத்துல சொன்னது. எங்கம்மை மனசு தங்கம். பேச்சி என்னை ஒரு பார்வை பாத்தா. மறுநாளு விடியுத நேரம் எந்திரிச்சு கிழக்க நடந்துட்டா.

நாலு நாளு ஆளைக் காணும். அந்த நாலு நாளும் என்ன நடந்துச்சுன்னு அவ ஒருத்தன்கிட்டதான் முழுசாச் சொல்லியிருக்கா. அது நான்தான்.

இங்கேருந்து கிழக்க, திசையன்விளைப் பக்கம் தேரி இருக்குல்லா, செம்மண்ணு மேடு மேடா, அலையலையாக் கிடக்குமே, அங்க போயிருக்கா. பாதி வழியில சுருளி எதிர வந்து கூட்டிட்டுப் போயிருக்கு. ரெண்டு நாள் நடை. முதுகுல காத்து தள்ளுது, மண்ணு காலைச் சுடுது. வழியில பசிச்சா பனங்காய், இல்லைன்னா ஒண்ணும் கிடையாது. தேரிக்கு நடுவுல ஒரு பள்ளம். உள்ள இறங்கினா காத்தே இல்லையாம். ஒரு இலை அசையல. காத்தோட வீடே அதுதானாம். வீட்டுக்குள்ள வந்தா அது படுத்து உறங்கும்போல.

அங்க என்னெல்லாம் கிடந்துச்சுங்கீங்க! காத்து அடிச்சுட்டுப் போன துண்டு, குடை, வேட்டி, ஓலைக்கூரை, பட்டம். ஒரு சேவல் உசுரோட நின்னுச்சாம். பள்ளத்தைச் சுத்திப் பனை. அந்தப் பனையில தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தொங்குதது எல்லாம் குரலு. ஆயிரக்கணக்குல. தொட்டா பேசும். ஒண்ணு பாடுது, ஒண்ணு மாட்டைப் பத்துது, ஒண்ணு "ராசாத்தி, கண்ணு, சாப்பிட வாட்டி"ன்னு கூப்பிடுது. அதுக்குக் கீழ கொஞ்ச நேரம் நின்னாளாம். அது ஆரு குரல், ஆரைக் கூப்பிடுதுன்னு தெரியாது. சும்மா நின்னாளாம்.

இவ்வளவு குரல்ல என் குரலை எப்படிக் கண்டுபிடிச்சாங்கேன்? அதுதான் எனக்கு ஆச்சரியம். நானும் பிறகு அவகிட்ட அதைக் கேட்டேன். "மத்ததெல்லாம் ஆரையோ கூப்பிட்டுச்சு. ஒண்ணுதான் என்னைப் பேரு சொல்லி ஏவிச்சு"ன்னா. என்ன புத்தி பாத்தியளா!

பனையில ஏறி அதைப் பறிச்சதும் காத்து முழிச்சுட்டு. பள்ளம் முழுக்க மண்ணு எந்திரிச்சு நின்னுச்சாம். "இங்க வந்தது ஒண்ணும் திரும்பிப் போனதில்ல"ன்னு சொல்லிச்சாம்.

"எங்கூடப் பெறந்தவன். ஊமையாக் கிடக்கான்"ன்னிருக்கா இவ.

காத்து அவ காலைப் பாத்துச்சாம். ரெத்தம். முதுகுல அப்பா அடிச்ச தடம். "நீ இங்கயே இருந்துருட்டி. இங்க ஒருத்தரும் உன்னைத் தண்ணி கொண்டான்னு சொல்ல மாட்டாங்க. சுருளியும் உன்கூட இருப்பான்"னுச்சாம்.

அவ மாட்டேன்னுட்டா. எட்டு வயசுப் பய, சோறு வேணும்னு கேக்கக்கூட வாய் இல்லாம இருப்பான்னுட்டா.

"சரி, எடுத்துட்டுப் போ. ஒண்ணு மட்டும் கேளு. இந்தக் குரல் திரும்பிப் போய்ப் பேசுத முதல் வார்த்தை எதுவோ அதை நான் நம்பிருவேன். நான் நம்பினா நான் தொடுத காது எல்லாம் நம்பும். பிறகு அதை மாத்த என்னாலயும் முடியாது. யோசிச்சுப் பேசச் சொல்லு." இது காத்து சொன்னது.

குரலை எதுல வச்சுக் கொண்டுவர? கையில வச்சா காத்துல பறந்துரும். வாய்க்குள்ள போட்டு உதட்டை மூடிக்கிட்டா. ரெண்டு நாளு அண்ணாச்சி. ரெண்டு நாளு வாயைத் திறக்கல. சோறு கிடையாது, தண்ணி கிடையாது. முள்ளு குத்தினா 'அம்மா'ன்னு சொல்ல முடியாது. ராதாபுரம் பக்கம் ஒரு பொம்பளை செம்புல தண்ணியை நீட்டி, "குடிட்டி, ஊமைப்பிள்ளையா நீ, பாவம்"னாளாம். இவ தலையை ஆட்டிட்டு நடந்திருக்கா. தண்ணியைப் பாத்துக்கிட்டே.

நாலாம் நாளு மத்தியானம் வீட்டுக்குள்ள வந்தா. அம்மையும் அப்பாவும் அவளைத் தேடிப் போயிருந்தாங்க. எங்கெங்கயோ தேடினாங்க, அதையும் சொல்லணும்லா. நான் தனியா இருந்தேன். என் தாடையைப் பிடிச்சு வாயைத் திறந்து உள்ள ஊதினா. தொண்டைக்குள்ள ஒரு குருவி வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு.

உடனே என் வாயைப் பொத்திட்டா. "பேசாத சொரி. இப்பப் பேசாத. முதல்ல நான் சொல்லுததைக் கேளு"ன்னா. உதடெல்லாம் வெடிச்சு ரெத்தம் காய்ஞ்சு கிடந்துச்சு. ஒரு செம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு முழுக்கதையும் சொன்னா. கடைசியில, "முதல் வார்த்தையா நல்லதா ஒண்ணு சொல்லுவோம். நம்ம தோட்டத்து வாழை சாயாதுன்னு சொல்லுவியா? அப்பாவுக்குச் சந்தோசமா இருக்கும்"னா. தனக்குன்னு ஒண்ணும் கேக்கல. கேட்டிருக்கலாம்.

நான் வாயைத் திறக்கதுக்குள்ள அப்பா வந்துட்டாரு. அம்மையும் பின்னால வாரா.

"எங்கட்டி போன நாலு நாளு? ஆருகூடப் போன?"

பேச்சி சொன்னா. பாறை, தேரி, காத்துன்னு சுருக்கமாச் சொன்னா. "நான் தம்பியைத் தள்ளலப்பா. அவனையே கேளுங்க. அவனுக்குச் சத்தம் வந்துட்டு"ன்னா.

அப்பா கையில வாழைமட்டை இருந்துச்சு. என்னைப் பாத்தாரு. "எலேய், இவ சொல்லுதது நெசமால?"

நெசம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன். ஆனா நெசம்னு சொன்னா பாறை வெளிய வரும். அன்னைக்குத் தலையை ஆட்டினது வெளிய வரும். அப்பா முகத்தைப் பாத்தேன். மட்டையைப் பாத்தேன்.

"பொய்"னேன்.

வெளிய காத்து நின்னுட்டு. ஆடி மாசத்துல, நின்னுட்டு. ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு ஒரே அடியா அடிச்சுச்சு, கதவு, ஜன்னல், ஊரு முழுக்க. அம்மை ஓடி வந்து, "எம் பிள்ளைக்குச் சத்தம் வந்துட்டு!"ன்னு என்னைத் தூக்கிக்கிட்டா. அந்தச் சந்தோசத்துல பேச்சிக்கு அன்னைக்கு அடி கூட ரெண்டு குறைச்சலாத்தான் விழுந்துச்சு.

அதுக்குப் பிறகு அவ சொன்ன எதையும் ஒருத்தரும் நம்பல. நீங்க நினைக்கிய மாதிரி கெட்டவங்க ஒருத்தரும் இல்ல. காதுல விழும்போதே அது அப்படி விழுந்துச்சு. எண்ணெய் வாங்க அம்மை அனுப்பினான்னு கடையில சொன்னா, "உங்க அம்மையை வரச் சொல்லு"ம்பாரு கடைக்காரரு. கணக்கை அவளே போட்டிருப்பா, ஆரைப் பாத்து எழுதினன்னு வாத்தியாரு அடிப்பாரு. காய்ச்சல் அடிக்குன்னா நடிக்கான்னு சொல்லி வேலைக்கு அனுப்புவா அம்மை, நடுவழியில மயங்கி விழுந்த பிறகுதான் தூக்கிட்டு வருவாங்க. எட்டாவதோட படிப்பை நிப்பாட்டியாச்சு. மெல்ல மெல்லப் பேசுததை விட்டுட்டா. என்கிட்ட மட்டும் பேசுவா. ஏன்னா நான் நம்பினேன். ஊருலயே நான் ஒருத்தன்தான் அவளை நம்பினேன். அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஒரு ஆறுதல்.

அவ கோவப்பட்டாளான்னு கேக்கியளா? இல்ல. ஒரு நாளு மட்டும் கேட்டா. "ஏன் சொரி அப்படிச் சொன்ன?" பயத்துலன்னேன். "எனக்கும் அன்னைக்குப் பயமாத்தான் இருந்துச்சு"ன்னா. அவ்வளவுதான்.

பிறகு அவளுக்குப் பதினஞ்சு வயசு, எனக்குப் பதிமூணு. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல சத்துணவுக் கூடத்துல அவ தட்டுக் கழுவிக்கிட்டிருந்தா. ஒரு நாளு, அதுவும் ஆடிதான், பிள்ளைய எல்லாம் வரிசையா உக்காந்து சாப்பிடுது. சுருளி ஓடி வந்து அவ பாவாடையைப் பிடிச்சு இழுத்திருக்கு. கூடத்துக் கூரை இப்பப் பேந்துரும்னு அவளுக்கு விளங்கிட்டு. ஓடிப்போய் வாத்தியாருகிட்டச் சொன்னா. "போட்டி, போய்த் தட்டைக் கழுவு"ன்னாரு. சமையல்காரம்மாகிட்டச் சொன்னா. அவ திரும்பியே பாக்கல. பிறகு என்கிட்ட ஓடி வந்தா.

"சொரி, நீ சொல்லு. காத்து நம்பின குரல்லா, நீ சொன்னா கேப்பாங்க."

நான் எந்திரிச்சு நின்னு கத்தினேன். "கூரை விழப் போவுது, எல்லாரும் வெளிய ஓடுங்க!" அத்தனை பிள்ளையளும் தட்டைப் போட்டுட்டு ஓடிச்சு. வாத்தியாரும் ஓடினாரு. கடைசிப் பிள்ளையைப் பேச்சிதான் இடுப்புல தூக்கிட்டு வந்தா, வாசலைத் தாண்டினதும் கூரை மேல எந்திரிச்சு அப்படியே உள்ள விழுந்துச்சு. உக்காந்திருந்த இடம் முழுக்கச் சில்லு சில்லா ஓடு.

ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்ல. தலைமையாசிரியரு எனக்குத் துண்டு போத்தினாரு. ஊரே வந்து நிக்கு. "உனக்கு எப்படில தெரிஞ்சுச்சு?"ன்னு கேட்டாரு.

"தோணிச்சு சார்"னேன்.

பேச்சி கூட்டத்துக்குப் பின்னால நின்னா. கை தட்டி முடிஞ்ச பிறகு பக்கத்துல வந்தா. மெதுவாத்தான் கேட்டா. "எலேய், அக்கா சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லேன். ஒரே ஒரு தடவை. காத்து மாத்த முடியாதுன்னுதான் சொல்லிச்சு, தெரியும். இருந்தாலும் நீ சொல்லி நான் காதால கேக்கணும்."

அம்மை அங்குன நின்னு சந்தோசத்துல அழுதுக்கிட்டிருக்கா. பக்கத்து ஊருக்காரங்க எல்லாம் என்னைப் பாக்க வந்திருக்காங்க. அந்த நேரத்துல போயி எப்படி?

"நாளைக்குச் சொல்லுதேங்க்கா"ன்னேன்.

சரின்னா. என் தோள்ல கிடந்த துண்டு நழுவிச்சு, அதை எடுத்துச் சரியாப் போட்டுவிட்டா. அந்தப் பழைய பாறைப் பக்கம் நடந்தா. சும்மா போறான்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல அங்க ஒரு சுழல்காத்து எந்திரிச்சுச்சு. சுருளிதான். முழங்கால் உசரம் இல்ல இப்ப, பனை உசரம். அவ அதுக்குள்ள நடந்து போனா. ஆடிக்கிட்டே கிழக்க போச்சு. செம்மண்ணு நிறத்துல. நான் மட்டுந்தான் பாத்தேன்.

ஆரு கூடயோ ஓடிப்போயிட்டான்னு ஊரு சொல்லிச்சு. அப்பாவும் அதைத்தான் சொன்னாரு. கடைசி வரை அவ பேரை வீட்டுல எடுக்க விடல. நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா ஆரு நம்புவா?

முப்பது வருசத்துக்குப் பக்கம் ஆச்சு. தேரிக்கு நான் பல தடவை போயிருக்கேன். மண்ணு இருக்கு, பனை இருக்கு. பள்ளம் அகப்படல. எனக்குக் காட்டித் தர ஆளு இல்ல.

அம்மை போன மாசம் தவறிட்டா. கடைசி வாரம் நினைவு நல்லாத் தெளிஞ்சுச்சு. ஒரு நாளு சாயந்தரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எய்யா, பேச்சி நெசமாவே அந்தத் தேரிக்குப் போயிருப்பாளோ?"ன்னு கேட்டா. அத்தனை வருசத்துல அன்னைக்குத்தான் அந்தப் பேரைச் சொல்லுதா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். பாறையில ஏறினது நான், தலையை ஆட்டினது பொய், கூரை விழும்னு சொன்னது அவ. "அவ சொன்னது எல்லாம் நெசம்மா. பொய் சொன்னது நான்தாம்மா"ன்னு காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

எங்கம்மை என் கன்னத்தைத் தடவினா. "எம் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு பாரேன். ஓடிப்போனவ மேல உள்ள பழியைக்கூடத் தன் தலையில போட்டுக்கிடுதான்"னா. சிரிச்ச முகமாவே ரெண்டு நாளுல போயிட்டா.

நான் எதைச் சொன்னாலும் நம்புத சனம் அண்ணாச்சி. வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன், என் நெத்தியைத் தொட்டுப் பாத்தா. போன வாரம் ஒரு கொடையில மைக்குலயே சொன்னேன், எங்க அக்கா சொன்னது நெசம்னு. நல்ல கதைன்னு கை தட்டினாங்க.

என்ன, கதை நல்லாருக்கா? நீங்களும் அதையேதான் சொல்லுதிய. சரி, காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க. வள்ளியூர் வந்துட்டு.